டில்லிக்குக் கவிதை கற்றுக் கொடுத்த தெற்கத்திக்காரர்
உருதுக் கவிஞர் வலீ தக்கனியின் வரலாறு

பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினால், ஓரத்தில் சிறிய பட்டை ஒன்றில் 15 மொழிகளில் அதன் மதிப்பு அச்சாகி இருப்பதைக் காணலாம். கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். அதற்கு அடுத்தது தெலுங்கு. எல்லாவற்றுக்கும் கடைசியில், வலமிருந்து இடமாக ஓடும் வரி உருது.

நோட்டில் இரண்டு வரி தள்ளி நிற்கும் இந்த மொழி, மட்டாஞ்சேரியில் இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. கொச்சியின் இந்தப் பழைய துறைமுகப் பகுதியில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக் கொண்டு வாழ்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் வேலியிலுள்ள டோபிகானாவில் இருக்கிறார்கள். அதே போல, கொச்சி ராஜாவின் படையில் சேவகம் செய்ய வந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் தக்கனி முஸ்லிம் குடும்பங்களும் இங்கே உண்டு. அவர்கள் வீட்டில் பேசுவது உருதுவின் தெற்கத்தி வடிவமான தக்கனி.

1954-ல் வெளிவந்து புகழ் பெற்ற 'நீலக்குயில்' என்ற மலையாளப் படத்தில் பாடிய மெஹபூப், அப்படிப்பட்ட குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர். மலையாளப் பாட்டுக்களால் பெயர் பெற்ற அவருக்கு வீட்டு மொழி மலையாளம் அல்ல. அவர் 1981-ல் காலமானார். அவரை 'பாய்' என்று அன்போடு அழைத்த மட்டாஞ்சேரியில் கஜல் பாட்டுக்கு இன்னும் மவுசு குறையவில்லை.

உருது என்றதும் டில்லியும் லக்னோவும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தக்கனி பேசுகிறவர்களை அசல் உருது தெரியாதவர்கள் என்று வடக்கே கேலி செய்வதும் உண்டு. ஆனால் டில்லிக் கவிஞர்களை உருதுவில் எழுத வைத்தவரே ஒரு தக்கனிக்காரர்தான். அவர் பெயர் வலீ.

பெயரில் ஒரு சிறு சங்கடம்

தமிழில் இந்தப் பெயரைக் குறிலாக எழுதினால் நோவு என்று பொருளாகிவிடும். அரபுச் சொல்லான வலீ என்பதற்கு இறைவனுக்கு நெருங்கியவர், நண்பர் என்று அர்த்தம். தமிழ் முஸ்லிம்கள் இறைநேசச் செல்வர்களை வலிமார்கள் என்று சொல்வது இதே சொல்லைத்தான்.

கவிஞரின் முழுப் பெயரை ஷம்சுத்தீன் வலியுல்லா என்று சிலரும், வலீ முகம்மது என்று சிலரும் எழுதுகிறார்கள். அவர் 1667-ல் அவுரங்காபாத்தில் பிறந்தார் என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது. குஜராத்திகளோ ஆமதாபாத்தான் அவர் ஊர் என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள். இதனால் வலீ தக்கனி, வலீ குஜராத்தி, வலீ அவுரங்காபாதி என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர்! ஊர் ஊராகப் பிழைக்கப் போனவர்களுக்கு இது புதிதல்ல. கேரளத்தில் 'தமிழன்' ஆகவும் சொந்த ஊரில் 'கொச்சிக்காரர்' ஆகவும் ஆகிவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

அவுரங்காபாத் அப்போது பழைய நகரமல்ல. அபிசீனிய அடிமையாக இந்தியாவுக்கு வந்து, பிறகு அகமதுநகர் ராஜ்யத்தையே ஆட்டிப் படைத்த மாலிக் அம்பர் 1610-ல் கிட்கி என்ற பெயரில் அமைத்த ஊர் அது. அவுரங்கசீப் தக்காணத்தின் சுபேதாராக இருந்தபோது அதற்குத் தம் பெயரைச் சூட்டினார். இப்போது அதன் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர்.

தக்காணத்துக்கு வந்த மொழி

வலீ பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே டில்லிப் பக்கத்துப் பேச்சு தெற்கே வந்து சேர்ந்துவிட்டது. அலாவுதீன் கில்ஜியின் படைகள் அதைக் கொண்டு வந்தன. 1327-ல் முகம்மது பின் துக்ளக் தலைநகரையே டில்லியிலிருந்து தேவகிரிக்கு மாற்றி, அதற்குத் தவுலதாபாத் என்று பெயரிட்டார். அவரோடு அதிகாரிகளும், சேவகர்களும், வியாபாரிகளும், பக்கிரிகளும் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். பிறகு துக்ளக் மனம் மாறினார். வந்தவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. அந்தத் தவுலதாபாத் கோட்டை, வலீ பிறந்த அவுரங்காபாத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1347-ல் பாமினி ராஜ்யம் தோன்றியதும் தக்காணம் டில்லியிலிருந்து பிரிந்தது. வந்த மொழி இங்கேயே வேர் பிடித்தது. மராத்தியோடும் தெலுங்கோடும் கன்னடத்தோடும் பழகிப் பழகி அதன் முகம் மாறியது. வேண்டாம் என்பதற்குத் தக்கனியில் நக்கோ என்பார்கள். அது மராத்தியிலிருந்து வந்தது. ஆம் என்பதற்கு ஹவ். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாசகர்களுக்கு இவை பழகிய ஒலிகள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தமிழில் வருகிறேன் என்று சொன்னான் என்கிறோம். அந்த 'என்று' வடக்கத்தி உருதுவில் இப்படி வாக்கியத்தின் பின்னே வருவதில்லை. தக்கனியில் வருகிறது! போல்கே என்ற சொல்லை, நாம் 'என்று' போடும் அதே இடத்தில் போடுகிறார்கள். தெற்கத்தி மொழிகளின் பழக்கம் தொற்றிக்கொண்டதே காரணம் என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். எனக்கு என்பதற்கு அவர்கள் சொல்லும் மேரெகு என்பதிலுள்ள 'கு' நம் காதுக்கு அன்னியமாகவே இல்லை.

டில்லியில் அறிஞர்கள் பாரசீகத்தில் மட்டுமே கவி எழுதிக் கொண்டிருந்த காலத்தில், தக்காணத்துச் சுல்தான்களின் சபையில் இந்த வீட்டு மொழி சிம்மாசனம் ஏறியது. ஐதராபாத் நகரத்தை நிறுவி 1591-ல் சார்மினாரைக் கட்டிய முகம்மது குலி குதுப் ஷா தாமே பெரிய தக்கனிக் கவிஞர். அவர் 1612-ல் இறந்த பிறகு அவருடைய பாடல்கள் தொகுக்கப்பட்டன. மழைக்காலம், வசந்தப் பண்டிகை, காய்கனி, காதலி என்று தம்மைச் சுற்றி இருந்ததையெல்லாம் பாடினார் அந்த அரசர்.

ராஜ்யங்கள் வீழ்ந்தன

இந்தச் சுகவாழ்வு வலீயின் இளமைக் காலத்தில் முடிந்தது. தக்காணத்தை அடக்கியே தீருவது என்று அவுரங்கசீப் பாதுஷா பெரும் படையோடு தெற்கே வந்து அமர்ந்தார். 1686-ல் பீஜப்பூர் வீழ்ந்தது. 1687-ல் கோல்கொண்டா வீழ்ந்தது. தக்கனிக் கவிஞர்களுக்குச் சோறு போட்ட இரண்டு சபைகளும் ஒன்றரை வருஷத்துக்குள் இல்லாமல் போயின. அப்போது வலீக்கு வயது இருபது.

இனி கவிஞன் யாரிடம் போவான்? ஆண்டவர்கள் மொகலாயர்கள். அவர்களுடைய அலுவலக மொழி பாரசீகம். ஒரு குமாஸ்தா வேலை வேண்டுமானாலும் பாரசீகம் தெரிந்திருக்க வேண்டும். குமாஸ்தா என்ற சொல்லே பாரசீகம்தான். தாசில்தார், வசூல், பாக்கி, ரசீது, அசல், நகல், ஜாமீன் என்று இன்று வரை தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் உலவும் சொற்கள், அந்த ஆட்சிமுறையின் வழியாகப் பாரசீகத்திலிருந்தும் அரபியிலிருந்தும் வந்து தங்கியவை.

வலீ பாரசீகம் நன்றாகக் கற்றவர். ஆமதாபாத்துக்குச் சென்று, அங்கே ஷா வஜீஹுத்தீன் என்ற பெரியாரின் பெயரால் விளங்கிய மதரஸாவில் படித்தார் என்பது வழக்கு. சூஃபி ஞானிகளின் தொடர்பும் கிடைத்தது. ஊர் சுற்றுவதில் அவருக்கு ஆசை அதிகம். துறைமுக நகரமான சூரத்தைப் புகழ்ந்து ஒரு நெடும்பாட்டு எழுதினார். குஜராத்தை விட்டுப் பிரிந்த துயரத்தை இன்னொரு பாட்டில் வடித்தார். ஊரைப் பிரிந்தவனின் ஏக்கம் அவரிடம் சும்மா வந்து போகும் விஷயமல்ல.

பாரசீகம் இவ்வளவு தெரிந்தும் அவர் தம் கவிதைக்குத் தேர்ந்தெடுத்த மொழி வீட்டில் பேசியதுதான். அதற்கு அப்போது உருது என்ற பெயர் கூட இல்லை. ஹிந்தவி, ஹிந்தி, தக்கனி, குஜ்ரி, ரேக்தா என்று இடத்துக்கு ஒரு பெயர். ரேக்தா என்றால் கலந்து ஊற்றியது என்று பொருள் சொல்லலாம். உருது என்பது படைமுகாம் என்னும் துருக்கிச் சொல். இதை வைத்துக்கொண்டு, சிப்பாய்கள் கூடாரத்தில் பல மொழிகளையும் கலந்து உண்டாக்கிய மொழி இது என்று பாடப் புத்தகங்களில் கூட எழுதிவிட்டார்கள். உண்மை அப்படியல்ல. டில்லி வட்டாரப் பேச்சின் இலக்கணமே அதன் எலும்பு. முகாம் என்றது மொகலாயப் பாதுஷாவின் டில்லி நகரத்தை. அந்த மேன்மைமிக்க முகாமின் மொழி என்று நீட்டிச் சொன்னது சுருங்கி, வலீக்குப் பல ஆண்டுகளுக்குப் பின், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருது என்ற பெயர் ஆயிற்று.

எழுத்து எப்படி வந்தது?

வலீயின் பாடல்களைப் படி எடுத்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அரபியில் 28 எழுத்து. பாரசீகர்கள் அதை எடுத்துக்கொண்டபோது, அரபியில் இல்லாத ப, ச போன்ற தங்கள் ஒலிகளுக்காகப் புள்ளிகளையும் கோடுகளையும் கூட்டி 4 எழுத்துக்களைச் சேர்த்தார்கள். இந்தியாவுக்கு வந்தபோது அதுவும் போதவில்லை. இங்கே 'ட' இருந்தது!

பாட்டு என்று சொல்லும்போது ஒரு ட. வண்டி என்னும்போது வேறு ஒரு ட. பாடு என்னும்போது நாக்கு மடிந்து தட்டும் இன்னொரு ட. தமிழில் மூன்றுக்கும் ஒரே எழுத்து. இடம் பார்த்து நாமே மாற்றிச் சொல்லிக் கொள்கிறோம். அரபிக்காரருக்கும் பாரசீகருக்கும் இந்த மூன்றில் ஒன்று கூட வராது. எனவே இந்தியாவில் இவற்றுக்குத் தனித்தனியே மூன்று எழுத்து வேண்டியதாயிற்று. பழைய ஏடுகளில் தகர எழுத்தின் மேல் நான்கு புள்ளி வைத்து டகரத்தைக் காட்டியிருக்கிறார்கள். இன்று அந்த எழுத்துக்களின் தலையில் காணும் சிறு கொக்கி பிற்காலத்தில் நிலைபெற்றது. மூச்சை அழுத்திச் சொல்லும் வடநாட்டு ஒலிகளுக்காக இரண்டு கண் கொண்டது போன்ற ஒரு ஹகரத்தைச் சேர்த்து எழுதும் வழக்கமும் வந்தது.

ஒரு பக்கம் பற்றாக்குறை. மறு பக்கம் ஏராளம். ஸகர ஒலிக்கு மட்டும் மூன்று எழுத்து. 'ஜ' போல உரசி ஒலிக்கும் 'z' என்ற ஒலிக்கு நான்கு எழுத்து. அரபியில் அவை வேறு வேறு ஒலிகள். இந்திய நாக்கில் எல்லாம் ஒன்றாகிவிட்டன. எழுத்து மட்டும் மாறவில்லை. குறில் உயிர்களையோ பெரும்பாலும் எழுதுவதே இல்லை. படிக்கிறவர்தான் சொல்லை அறிந்து போட்டுக்கொள்ள வேண்டும். உருது படிக்கத் தொடங்குகிறவர்கள் திணறுவது இங்கேதான்.

கையெழுத்தின் பாணியிலும் இரண்டு வகை. நஸ்க் என்பது குர்ஆன் பிரதிகளில் பார்க்கும் நேர்க்கோட்டு எழுத்து. தக்காணத்து ஏடுகள் பலவற்றில் அதுவே காணப்படுகிறது. நஸ்தலீக் என்பது ஈரானில் பிறந்தது. சொற்கள் மேலிருந்து கீழாகச் சரிந்து தொங்கும். பார்வைக்கு அழகு, அச்சுக் கோக்கிறவருக்குக் கொடுமை. ஈய எழுத்தில் அதை வார்ப்பது கடினமாக இருந்ததால், உருதுப் பத்திரிகைகளை எழுத்தாளர்கள் கையால் எழுதித்தான் கல்லச்சில் அடித்தார்கள். சென்னை திருவல்லிக்கேணியில் 1927-ல் தொடங்கிய 'முஸல்மான்' என்ற உருது நாளிதழ், கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையெழுத்திலேயே வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

இது உருதுவுக்கு மட்டும் நடந்த கதை அல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அது அரபுத் தமிழ். மலபாரிலும் கொச்சியிலும் மலையாளத்தை அப்படி எழுதினார்கள். அது அரபு மலையாளம். அவர்களும் இதே டகரத்துக்கு முன்னால் வந்து நின்று, இதே போலப் புள்ளி வைத்துத்தான் சமாளித்தார்கள்.

டில்லிப் பயணம்

1700-ஆம் ஆண்டில், சையத் அபுல் மஆலி என்ற நண்பரோடு வலீ டில்லிக்குப் புறப்பட்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். டில்லியின் பாதுஷாவோ அப்போது தக்காணத்தில் மராட்டியக் கோட்டைகளை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தார். தெற்கைப் பிடிக்க வந்தவர் தெற்கிலேயே சிக்கிக் கிடக்க, தெற்கத்திக் கவிஞர் ஒருவர் படையும் இல்லாமல் பட்டயமும் இல்லாமல் வடக்கே போய்க்கொண்டிருந்தார்.

டில்லியில் ஷா சாதுல்லா குல்ஷன் என்ற சூஃபிப் பெரியவரை அவர் சந்தித்தார். குல்ஷன் பாரசீகக் கவிஞர். வலீயின் பாடல்களைக் கேட்ட அவர், பாரசீகத்தில் குவிந்து கிடக்கும் கற்பனைகளையும் உவமைகளையும் எடுத்து ரேக்தாவில் பயன்படுத்தும்படி யோசனை சொன்னாராம். வலீயும் அப்படியே செய்து பெரும் கவியானாராம். இந்தக் கதையை எழுதி வைத்தவர் டில்லியின் மகா கவி மீர். அவர் எழுதியது 1752-ல், அதாவது சந்திப்பு நடந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷம்சுர் ரஹ்மான் பாரூக்கி போன்ற பிற்கால ஆராய்ச்சியாளர்கள் இதை நம்பவில்லை. பாரசீகக் கற்பனைகள் தக்கனிக் கவிதைக்குப் புதியவை அல்ல. வலீ அந்தப் பாணியில் முன்பே தேர்ந்தவர். தெற்கிலிருந்து வந்த ஒருவர் தங்களுக்கு வழிகாட்டினார் என்று ஒப்புக்கொள்ள டில்லிக்கு மனம் வரவில்லை. எனவே அவருக்கே வழிகாட்டியவர் டில்லியில் இருந்தார் என்று ஒரு கதை வேண்டியிருந்தது. இதுதான் பாரூக்கியின் வாதத்தின் சாரம். நியாயமான வாதமாகவே தோன்றுகிறது.

என்ன எழுதினார்?

வலீ பெரிதும் எழுதியது கஜல். கஜலில் ஒவ்வொரு ஈரடியும் தனித்து நிற்கும். திருக்குறளைப் போல ஒவ்வொன்றையும் தனியே எடுத்துச் சொல்லலாம். ஆனால் எல்லா ஈரடிகளும் ஒரே சந்தத்தில் ஓடி, ஒரே இயைபில் போய் முடிய வேண்டும். முதல் ஈரடியில் மட்டும் இரண்டு அடிகளிலும் அந்த இயைபு வரும். கடைசி ஈரடியில் கவிஞர் தம் பெயரை முத்திரையாக வைப்பார். நம் பதிகங்களின் கடைப் பாட்டில் ஞானசம்பந்தர் தம் பெயரை வைப்பது போல என்று கொள்ளலாம்.

காதலே பொருள். அது மனிதக் காதலா, இறைக் காதலா என்பதைக் கேட்பவர் தீர்மானித்துக் கொள்ளலாம். பழைய தக்கனிப் பாட்டில் பெண் பாடுவதாகவும், தலைவனை எண்ணி உருகுவதாகவும் வரும். ஆழ்வார்களின் நாயகி பாவம் அறிந்தவர்களுக்கு இது விளங்கும். பாரசீகத்தில் ஆண் குரலே வழக்கம். வலீயிடம் இரண்டும் சந்தித்தன. காதலரை அவர் சஜன் என்றும் மோகன் என்றும் அழைப்பார். அடுத்த அடியில் பாரசீகத்து ரோஜாவும் புல்புலும் வரும். கங்கையும் யமுனையும் காசியும், ராமனும் லட்சுமணனும் கூட அவர் உவமைகளில் இடம் பெற்றிருக்கிறார்கள். அம்ரித்லால் என்ற நண்பரின் அழகைப் பாடியிருக்கிறார்.

இந்தக் கலப்பில்தான் அவர் வெற்றி இருந்தது. பாரசீகத்துக்குரிய நுட்பத்தை வீட்டுப் பேச்சால் சொல்ல முடியும் என்று காட்டினார். அதற்கு முன் டில்லியில் ரேக்தாவில் எழுதியவர்கள் பெரும்பாலும் வேடிக்கைக்கும் நையாண்டிக்கும்தான் அதைத் தொட்டார்கள்.

புத்தகம் போய்ச் சேர்ந்தது

வலீயின் பாடல்கள் ஒரு திவானாகத் தொகுக்கப்பட்டன. கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் திவான் என்றால் மந்திரி. பாரசீகத்தில் அதற்குக் கணக்கேடு, அலுவலகம் என்றும் பொருள் உண்டு. ஒரு கவிஞரின் பாடல் தொகுப்பு என்றும் பொருள் உண்டு.

அந்தத் திவான், முகம்மது ஷா பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில், சுமார் 1720-ல் டில்லிக்கு வந்து சேர்ந்தது. அப்போது இளைஞராக இருந்த ஹாதிம் என்ற கவிஞர், முதுமையில் இதைச் சொல்லியிருக்கிறார். சிறியவர் பெரியவர் என்றில்லாமல் நகரமெங்கும் வலீயின் பாடல்களை முணுமுணுத்தார்களாம். டில்லிக் கவிஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். பாரசீகம் அவர்கள் புத்தகத்தில் படித்த மொழி. தாயிடமும் தாதியிடமும் பேசியது வேறு. அந்த வேறு மொழியில் இவ்வளவும் சொல்லலாம் என்றால் நாம் ஏன் எழுதக்கூடாது? ஹாதிம் எழுதினார். ஆப்ரூ எழுதினார். அடுத்த தலைமுறையில் மீரும் சௌதாவும் வந்தார்கள். நூறாண்டு கழித்து காலிப் வந்தார். இன்று சினிமாப் பாட்டு வரை ஓடும் அந்த ஆற்றுக்கு டில்லியில் மடை திறந்தது அந்த ஒரு திவான்.

அந்தப் புகழைப் பார்க்க வலீ உயிரோடு இல்லை. அவர் 1707-ல் ஆமதாபாத்தில் காலமானார் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவருடைய பிறந்த ஊருக்குப் பெயர் கொடுத்த அவுரங்கசீப் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

நன்றியும் நன்றிகேடும்

டில்லி அடுத்துச் செய்த காரியம் விசித்திரமானது. வலீயிடம் கற்ற ஹாதிமே, பின்னாளில் தம் பழைய பாடல்களை எடுத்து, தக்கனி வாடை வீசும் சொற்களையும் நாட்டுப்புறச் சொற்களையும் களைந்து, 1750-களில் ஒரு புதிய தொகுப்பை வெளியிட்டார். காயிம் என்ற கவிஞர் இன்னும் ஒரு படி மேலே போய், தக்கனியில் ஏதோ நொண்டிப் பேச்சாக இருந்ததைத் தாமே கஜல் ஆக்கியதாகப் பெருமை அடித்துக்கொண்டார். ஏணியில் ஏறிய பிறகு ஏணியை எட்டி உதைக்கிற கதைதான்.

இதற்குத் தெற்கிலிருந்து பதில் சொன்னவர் ஒரு வேலூர்க்காரர். முகம்மது பாகர் ஆகா 1745-ல் வேலூரில் பிறந்தார். ஆற்காட்டு நவாப் வாலாஜா முகம்மது அலியின் ஆதரவில் சென்னையில் வாழ்ந்த பேரறிஞர். அரபியிலும் பாரசீகத்திலும் அவருக்கு எதிர் நிற்க ஆள் இல்லை. ஆனாலும் பெண்களும் சாதாரண மக்களும் படித்து அறிய வேண்டும் என்று நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தக்கனியில் பாடினார். தக்கனியைக் குறை சொல்லும் வடக்கத்தியாருக்குத் தம் நூலின் முன்னுரையிலேயே சூடு கொடுத்தார்.

வலீயின் பெயரை மட்டும் யாராலும் அழிக்க முடியவில்லை. கார்சான் த தாசி என்ற பிரெஞ்சு அறிஞர் 1834-ல் பாரிஸில் அவருடைய பாடல்களை அச்சிட்டார். ஆமதாபாத்திலிருந்து டில்லிக்குப் போன புத்தகம் பாரிஸ் வரை போய்விட்டது. 1880-ல் முகம்மது ஹுசைன் ஆசாத் எழுதிய புகழ் பெற்ற உருது இலக்கிய வரலாறு, வலீயை உருதுக் கவிதையின் ஆதாம் என்று கொண்டாடியது. 20-ஆம் நூற்றாண்டில் குலி குதுப் ஷாவின் திவான் வெளிச்சத்துக்கு வந்தபோதுதான், அந்த ஆதாமுக்கும் பாட்டன்மார் தக்காணத்தில் இருந்தார்கள் என்பது வடக்கே புரிந்தது.

சமாதி இருந்த இடம்

ஆமதாபாத்தில் ஷாஹிபாக் பகுதியில் சாலையோரமாக வலீயின் சமாதி இருந்தது. சிறிய கட்டடம். கவிதை அறிந்தவர்களும் அறியாதவர்களும் வந்து பூப் போட்டு வணங்கிச் செல்வார்கள். 2002-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் குஜராத்தில் மூண்ட கலவரத்தின்போது அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சில நாட்களுக்குள் அந்த இடத்தின் மீது தார் போட்டுச் சாலை போடப்பட்டது. குஜராத்தைப் பிரிந்த துயரைப் பாடியவருக்குக் குஜராத்தில் இப்போது சமாதி இல்லை. மேலே வண்டிகள் ஓடுகின்றன.

பாட்டு இருக்கிறது. பாகிஸ்தானின் ஆபிதா பர்வீன் போன்ற பெரும் பாடகர்கள் அவருடைய கஜல்களைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் கஜல் கச்சேரிக்குப் போகிறவர்கள் மொழி புரியவில்லையே என்று எழுந்துவிட வேண்டியதில்லை. கடைசி ஈரடி வரை காத்திருந்து, அதில் வரும் பெயரை மட்டும் காது கொடுத்துக் கேட்கலாம். காலிப் என்றால் டில்லிக்காரர். மீர் என்றாலும் டில்லி என்றே சொல்வார்கள். வலீ என்று வந்தால், அவர் நம் பக்கத்துக்காரர்.